சி, யு: இரண்டு எழுத்துகளோடு நான்கு வருடம்

வேலையில் சேர்ந்த புதிதில் நான் எழுதிய ஒரே மெயிலில் 'இன்ஃபர்மேஷன்ஸ்', 'எக்விப்மென்ட்ஸ்', 'ஃபர்னிச்சர்ஸ்' மூன்றும் இருந்தன. மேலதிகாரி சிரித்துக்கொண்டே மூன்றிலும் வாலை நறுக்கினார். அன்று மாலையே அண்ணனின் பழைய ஆங்கில அகராதியை எடுத்து வைத்துக்கொண்டேன். கற்போருக்கென்று தயாரித்த அகராதி அது. பெயர்ச்சொல்லுக்குப் பக்கத்தில் சி (C, 'கவுன்டபிள்') என்று போட்டிருந்தால் ஒன்று, இரண்டு என்று எண்ணலாம், பன்மை உண்டு; யு (U, 'அன்கவுன்டபிள்') என்றால் எண்ணக் கூடாது, பன்மை வால் ஒட்டாது.

பள்ளியில் படித்த விதி வேறு: எண்ண முடிகிறதா என்று யோசித்துப் பார். சரி, பணத்தை நாம் எண்ணாமலா இருக்கிறோம்? ஆனால் 'மணி' யு. 'ரைஸ்' யு, 'லென்டில்' சி. அரிசியைவிடப் பருப்பு அப்படி என்ன பெரிதாகிவிட்டது? யோசிப்பதை விட்டுவிட்டுப் பார்த்து எழுதத் தொடங்கியதும் பாதித் தவறு போய்விட்டது.

பெரிய லாபம் நான் எதிர்பாராத இடத்தில் கிடைத்தது. சி என்று போட்ட சொல்லை ஒருமையில் மொட்டையாக விட முடியாது. முன்னால் 'எ', 'த', 'மை' என்று ஏதாவது வேண்டும். 'ஐ பாட் கார்' என்று எழுதிக்கொண்டிருந்தவனுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்! தமிழில் 'கார் வாங்கினேன்' போதும், 'பத்து மாம்பழம்' என்றாலும் யாரும் திருத்தமாட்டார்கள். ஜப்பானிய மொழியும் ஏறக்குறைய அப்படித்தான். ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஹார்ன்பியும் நண்பர்களும் தொகுத்து, எண்ணும் பெயர் எண்ணாப் பெயர் என்று பிரித்துக் காட்டிய அகராதி முதலில் 1942இல் டோக்கியோவில் வெளியானதில் எனக்கு ஆச்சரியமில்லை.

குறை உண்டு. சில சொற்களுக்கு இரண்டு எழுத்தும் இருக்கும். அப்போது பொருள்வாரியாக இறங்கிப் படிக்க வேண்டும். வேலையில் தேர்ந்த அனுபவம் என்றால் 'எக்ஸ்பீரியன்ஸ்' யு, நமக்கு நேர்ந்த சம்பவம் என்றால் சி. எழுதும் காகிதம் யு, தேர்வுத்தாளும் செய்தித்தாளும் சி. 'நாலெட்ஜ்' இன்னும் மோசம்: யு தான், பன்மை கிடையாது, ஆனாலும் 'எ குட் நாலெட்ஜ் ஆஃப் தமிழ்' சரியாம். அவசரத்தில் இதையெல்லாம் யார் பார்ப்பது?

இப்போது போனில் அகராதி இருக்கிறது. தூக்கிச் சுமக்க வேண்டியதில்லை. முன்பு ஒரு மெயிலுக்குப் பத்துச் சொல் பார்த்தேன், இப்போது ஒன்றிரண்டுதான். போன வாரம்கூட 'ஃபீட்பேக்ஸ்' என்று அடித்துவிட்டு, அனுப்பும் முன் அழித்தேன்.