கடற்கரைத் தூண்டிலுக்கு ‘ஃபுல் செட்’ வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை

கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் என்று ஈசிஆர் கரை முழுக்க இப்போது லூர் (செயற்கை இரை) வீசும் ஆட்களைப் பார்க்க முடிகிறது. பாதிப் பேர் புதிதாக வந்தவர்கள். அவர்களைக் குறிவைத்தே ‘பீச் ஃபிஷிங் ஃபுல் செட்’ என்று ஒரு வியாபாரம் நடக்கிறது. ராடு, ரீல், பிரெய்டு என்ற பின்னல் நூல், அதன் முனையில் கட்டும் லீடர் நூல், லூர் எல்லாம் ஒரே பெட்டியில் வரும், பிரித்தவுடன் கடலுக்குப் போகலாம் என்பார்கள். அப்படி ஒரு செட்டுக்கு 11,400 ரூபாய் கொடுத்து நான் ஏமாற்றப்பட்டேன். விற்றவர் பெயரை இங்கே போடவில்லை, அவர் மேல் புகார் போயிருக்கிறது. அதே சரக்கை வேறு பெயர்களில் இன்னும் பலர் விற்பதால், பொருளைப் பார்த்தே கண்டுபிடிக்கும் வழிகளைச் சொல்வதுதான் உங்களுக்கு உபயோகம்.

இறாலோ மத்தித் துண்டோ கோத்து, ஈயக்குண்டு கட்டி வீசும் பழக்கம் எனக்கு நெடுநாளாக உண்டு. முட்டுக்காட்டுத் தண்ணீர் கடலில் சேரும் கோவளம் முகத்துவாரத்தில், மழை விட்ட சமயம் பார்த்துக் கொடுவா லூருக்கு அடிப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். அதிலிருந்து அந்த ஆசை விடவில்லை. இன்ஸ்டாகிராமில் கண்ணில் பட்ட ஒருவரிடம் வாட்ஸ்அப்பில் பேசினேன். மணல் கரை, அலை முறியும் இடத்தைத் தாண்டி லூர் விழ வேண்டும், பாரை, கொடுவா, சீலா இவைதான் குறி என்று தெளிவாகச் சொன்னேன். “ப்ரோ, அதுக்குன்னே செட் பண்ணி வச்சிருக்கேன். ஜப்பான் ஐட்டம். கண்ண மூடிக்கிட்டு எடுங்க” என்றார். பில் கேட்டதற்கு “பார்சல்லயே இருக்கும் ப்ரோ” என்றார். பார்சலில் பில் இல்லை.

வந்தது இதுதான்: ‘99 சதவீத கார்பன்’ என்று பொறித்த 9 அடி ராடு, ‘12+1 பேரிங்’ ரீல், ‘8 இழை, 40 பவுண்டு’ என்று அச்சிட்ட 300 மீட்டர் பிரெய்டு, ஒரு சுருள் ஃப்ளோரோகார்பன் லீடர், குட்டி மீன் வடிவ லூரான மின்னோ இரண்டு, நீர்மட்டத்தில் சத்தமிடும் பாப்பர் ஒன்று, உலோகத் தகடான ஸ்பூன் ஒன்று, கனத்த உலோகத் துண்டான மெட்டல் ஜிக் ஒன்று. பார்க்க அத்தனையும் பளபளவென்று இருந்தன.

முதலில் கைவிட்டது தூண்டில் முள். விடியும் நேரத்தில் ஸ்பூனுக்கு ஒரு பாரை அடித்தது. அலை பின்வாங்கும் இழுப்பும் மீனின் இழுப்பும் சேர்ந்து வந்த நொடியில் எடை சட்டென்று போய்விட்டது. சுருட்டிப் பார்த்தால் மும்முனைக் கொக்கியின் ஒரு முனை கிட்டத்தட்ட நேராக நிமிர்ந்திருந்தது. பக்கத்தில் வலை உதறிக்கொண்டிருந்த பெரியவர் அதை வாங்கி விரலால் நெம்பிப் பார்த்துவிட்டு, “இது கொளத்து முள்ளு தம்பி. இதுல பாரை நிக்காது” என்றார். அவர் சொன்னது சரி. நன்னீருக்கான மெல்லிய கம்பி முள்ளைக் கடல் லூரில் மாட்டி அனுப்பியிருக்கிறார்கள். கடலுக்கென்றால் கனத்த கம்பியில் துருத் தடுப்புப் பூச்சோடு வரும் முள்தான் வேண்டும். இதை வீட்டிலேயே சோதிக்கலாம். குறடால் ஒரு முனையைப் பிடித்து மெதுவாக அழுத்துங்கள், சுலபமாக வளைந்தால் வேண்டாம். இன்னொரு முள்ளை உப்புத் தண்ணீரில் இரவு முழுக்கப் போட்டு வையுங்கள். என்னுடையது காலையில் பழுப்பேறி, டம்ளரின் அடியில் துருப்பொடி படிந்திருந்தது. முள்ளை மாட்டும் இரட்டை வளையத்தையும் விட்டுவிடாதீர்கள், அதுவும் திறந்துகொள்ளும்.

மின்னோ இரண்டும் நீந்தவே இல்லை. சுருட்டும்போது ஒன்று பக்கவாட்டில் சாய்ந்து மல்லாந்தது, மற்றது சுழன்று நூலை முறுக்கியது. நல்ல லூரும் சில சமயம் ஒரு பக்கம் இழுக்கும். அப்போது மூக்குக் கம்பியை எதிர்ப்பக்கம் ஒரு மயிரிழை வளைத்தால் நேராகிவிடும். சாய்ந்ததை எவ்வளவு வளைத்தும் நேராகவில்லை. முன்னால் இருக்கும் பிளாஸ்டிக் நாக்கையே கோணலாக ஒட்டியிருந்தார்கள்.

சந்தேகம் வந்ததும் அதை ஹேக்ஸா பிளேடால் நீளவாக்கில் அறுத்தேன். தூரம் போகும்படி செய்யும் தரமான மின்னோக்களில், உள்ளே இரும்பு அல்லது டங்ஸ்டன் குண்டுகள் ஒரு தடத்தில் ஓடும். வீசும்போது வால் பக்கம் போய் லூரை அம்பு மாதிரி நேராகப் பறக்க வைக்கும், சுருட்டும்போது காந்தம் அவற்றை முன்னால் பிடித்து வைக்கும். இதற்குள் காந்தமும் இல்லை, தடமும் இல்லை. இரண்டு குண்டுகள் காலி அறையில் சும்மா உருண்டுகொண்டிருந்தன. பெரிய மீனுக்கான லூர்களில் மூக்கிலிருந்து வால் வரை ஒரே கம்பி ஓடுவதும் உண்டு. இதில் முள் மாட்டும் வளையங்கள் வெறும் பிளாஸ்டிக்கில் திருகிய குட்டி ஸ்க்ரூக்கள். ஒன்று கையால் இழுத்ததற்கே வந்துவிட்டது. இந்த மின்னோவுக்கு மீன் அடித்து, முள் நிமிராமல் இருந்திருந்தால் கூட, மீன் வளையத்தோடு பிய்த்துக்கொண்டு போயிருக்கும், வாயில் கொக்கியோடு.

லூரின் உயிர் அதன் நீச்சலில்தான். 1930களில் ஃபின்லாந்தில் லௌரி ரப்பாலா தக்கையைச் செதுக்கி, சாக்லேட் சுற்றிய பளபளத் தாளை ஒட்டித் தன் முதல் லூரைச் செய்தார். அடிபட்ட குட்டி மீன் தள்ளாடுவதைப் பார்த்து அந்த அசைவைக் கொண்டுவந்ததால்தான் அது மீன் பிடித்தது. போலி செய்கிறவர்கள் கண்ணையும் செதிலையும் நிறத்தையும் அப்படியே நகலெடுத்துவிடுகிறார்கள், அசைவை விட்டுவிடுகிறார்கள். அதனால் கடையில் வாங்குவதானால் ஒரு பக்கெட் தண்ணீரில் இழுத்துப் பார்க்கக் கேளுங்கள். ஆன்லைன் என்றால் தண்ணீருக்குள் லூர் வரும் வீடியோவைக் கேளுங்கள். தர மறுப்பவரிடம் வாங்க வேண்டாம்.

எடையிலும் ஏமாற்று. ‘40 கிராம்’ என்று அட்டையில் இருந்த ஜிக், சமையலறைத் தராசில் 29 கிராம்தான் காட்டியது. கரையிலிருந்து வீசுகிறவனுக்கு இது பெரிய விஷயம். ராடு மேல் எழுதியிருக்கும் எடைக்குள் லூர் இருந்தால்தான் ராடு சரியாக வளைந்து தள்ளும். அது குறைந்தால் லூர் முதல் அலைக்கு இந்தப் பக்கமே விழும், மீன் இரை தேடும் பள்ளம் அந்தப் பக்கம் இருக்கும். வாடைக் காற்று எதிரே அடிக்கும் மாதங்களில் இன்னும் மோசம்.

இனி சொல்லப் போவதுதான் எனக்கு உண்மையிலேயே பயத்தைக் கொடுத்தது. ஒருநாள் முழு வேகத்தில் வீசியபோது ‘டப்’ என்று பிரெய்டு அறுந்து, ஜிக் மட்டும் தனியே பறந்தது. நல்ல வேளையாக அந்தத் திசையில் யாரும் இல்லை. குழந்தைகள் விளையாடும் கரை அது. மும்முனைக் கொக்கி மாட்டிய ஈயத் துண்டு அந்த வேகத்தில் ஒருவர் முகத்தில் பட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அறுந்த காரணத்தைத் தேடினால், நூல் ஓடும் ராடு நுனி வளையத்தின் உள்ளே இருக்க வேண்டிய பீங்கான் வட்டம் கழன்று விழுந்திருந்தது. பிரெய்டு வெறும் உலோக விளிம்பில் உரசி உரசிப் பஞ்சாகியிருக்கிறது. புது ராடு கைக்கு வந்ததும் ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் கொஞ்சம் பஞ்சை விட்டு இழுங்கள். எங்கே இழை சிக்குகிறதோ அங்கே விரிசல் இருக்கிறது.

அதற்கப்புறம் பிரெய்டையும் சோதித்தேன். 40 பவுண்டு என்றால் சுமார் 18 கிலோ. முடிச்சு பலவீனம் என்று விற்றவர் சொல்ல இடம் கொடுக்காமல், மேல் முனையை ஒரு வழவழப்பான குழாயில் பல சுற்றுச் சுற்றிக் கட்டினேன். கீழே 20 லிட்டர் தண்ணீர் கேனின் கைப்பிடியிலும் அதே போலச் சுற்றி, லிட்டர் லிட்டராக ஊற்றினேன். பதினோராவது லிட்டரிலேயே அறுந்தது. முனையை ஊசியால் பிரித்து எண்ணினால் இழைகள் நான்குதான். 8 இழை என்று அச்சிட்டது பச்சைப் பொய். நூலின் தடிமனைக் குறிக்கும் எண்ணாக ‘பி.இ. 2’ என்று போட்டிருந்ததும் பொய்யே. அந்த அளவுக்குச் சுமார் 0.235 மில்லிமீட்டர் தடிமன் இருக்க வேண்டும். நண்பரின் நல்ல பி.இ. 2 நூலை அருகில் வைத்துப் பார்த்தால் என்னுடையது கண்ணுக்கே தடியாகத் தெரிந்தது. தடித்த நூல் காற்றைப் பிடிக்கும், தூரத்தைக் குறைக்கும்.

லீடர் ஃப்ளோரோகார்பனா, சாதா நைலான் தங்கூசியா என்பதைக் கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி இருக்கிறது. வெறும் தண்ணீரில் இரண்டும் மூழ்கும் என்பதால் அதில் வித்தியாசம் தெரியாது. ஒரு டம்ளரில் கல் உப்பை, இனிமேல் கரையாது என்ற அளவுக்குக் கரையுங்கள். தெளிந்த நீரில் ஒரு சின்னத் துண்டைப் போட்டு, ஒட்டியிருக்கும் காற்றுக் குமிழியை விரலால் தடவி எடுத்துவிட்டு அமுக்கி விடுங்கள். அந்த உப்புநீரின் அடர்த்தி சுமார் 1.2, நைலானுக்குச் சுமார் 1.14, ஃப்ளோரோகார்பனுக்குச் சுமார் 1.78. நைலான் மேலே வந்துவிடும், ஃப்ளோரோகார்பன் அடியிலேயே கிடக்கும். என்னுடையது மேலே வந்தது. கொடுவாவின் செவுள் மூடி கத்தி மாதிரி அறுக்கும், அதற்காகத்தான் உரசல் தாங்கும் லீடரையே போடுகிறோம்.

ரீலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பேரிங் எண்ணிக்கையைப் பார்த்து வாங்காதீர்கள். நூல் ஓடும் உருளை துருப்பிடிக்காமல் சுழல்கிறதா, மீன் இழுக்கும்போது நூலை விட்டுக்கொடுக்கும் டிராக் திக்காமல் விடுகிறதா என்பதைப் பாருங்கள். என்னுடையதில் டிராக் முதல் மீனுக்கே திக்கித் திக்கி விட்டது.

படங்கள், வீடியோ எல்லாம் எடுத்து விற்றவருக்கு அனுப்பினேன். முதலில் “நீங்க வீசற விதம் தப்பு ப்ரோ” என்றார். தண்ணீர் கேன் வீடியோவை அனுப்பியதும் “கடல் தண்ணி பட்டா வாரண்டி கிடையாது” என்று பதில் வந்தது. கடற்கரைக்கென்றே சொல்லி விற்ற செட் அது! மறுநாள் என் எண்ணை பிளாக் செய்துவிட்டார்.

நான் செய்ததைச் சொல்கிறேன், யாருக்காவது உதவும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். எடையளவுச் சட்டத்தின் 2011ஆம் ஆண்டு விதிகளின்படி, இறக்குமதிப் பொட்டலத்தின் மேல் இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, தயாரான நாடு, எம்.ஆர்.பி., நுகர்வோர் தொடர்பு எண் எல்லாம் இருக்க வேண்டும். என் பெட்டியில் ஒன்று கூட இல்லை. பணம் போனது ஒரு தனிநபரின் யுபிஐ ஐடிக்கு. நாமே ஒப்புதல் கொடுத்து அனுப்பிய பணம் என்று வங்கி கைவிரித்துவிட்டது. அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பணம் இன்னும் திரும்பவில்லை. விடுவதாகவும் இல்லை.

நம் மணல் கரைக்குத் தொடக்கத்தில் ஒரு பெட்டி லூர் தேவையே இல்லை. 30, 40 கிராமில் ஒரு நல்ல ஸ்பூன், நேராக நீந்தும் ஒரு மின்னோ, ஜிக் ஹெட்டோடு (ஈயத் தலை வைத்த முள்) சில ரப்பர் மீன்கள் போதும். சீலா சுற்றும் இடமென்றால் ஒரு துண்டு ஸ்டீல் வயர், அதன் பல் எந்த லீடரையும் விடாது. காசு மிச்சமிருந்தால் ராடிலும் நூலிலும் போடுங்கள். எதை வாங்கினாலும் தனித்தனியாக, பில்லோடு வாங்குங்கள். முடிந்தால் பொருளைக் கையில் எடுத்துப் பார்க்கவிடும் கடையில் வாங்குங்கள். பில் தர யோசிப்பவர் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

இதே மாதிரி செட் ஏற்கெனவே வாங்கியவர்கள் அட்டைப்பெட்டியைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். ஆறு பக்கமும் படம் எடுத்து வையுங்கள், லேபிள் இல்லாததே ஒரு ஆதாரம். வாட்ஸ்அப் உரையாடலை எக்ஸ்போர்ட் செய்து வையுங்கள், யுபிஐ பரிவர்த்தனை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், பிளாக் ஆவதற்கு முன்பே. அந்த ராடை முழு வேகத்தில் வீசுவதற்கு முன்னால் நுனி வளையத்தை இன்றைக்கே பாருங்கள்.