எபிடியோலெக்ஸ் சிரப்: ஒரு நியூராலஜிஸ்ட்டோட ரிவ்யூ

எபிடியோலெக்ஸ் ஒரு வலிப்பு மருந்து, கஞ்சா செடியில இருந்து வர்றதுன்னு சொன்னதும் பாதி பேர் முகம் சுளிக்கிறாங்க, மீதி பேர் சர்வரோக நிவாரணி கெடச்ச மாதிரி துள்ளுறாங்க, ரெண்டுமே வேணாம். இது சுத்திகரிச்ச சிபிடி (கஞ்சா செடியில இருக்கிற போதை தராத பொருள்), போதை ஏத்துற டிஎச்சி கிட்டத்தட்ட இல்லவே இல்ல. 2018ல அமெரிக்க மருந்து கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்டிஏ, ட்ராவே, லெனாக்ஸ்-கஸ்டோ சிண்ட்ரோம்னு சின்ன வயசுலயே வர்ற ரெண்டு அபூர்வமான கடுமையான வலிப்பு நோய்க்கும் ஓகே பண்ணுச்சு, 2020ல ட்யூபரஸ் ஸ்க்லிரோசிஸ்ங்கிற மரபணு நோயால வர்ற வலிப்பும் சேர்ந்துச்சு. எல்லா வலிப்புக்கும் இது இல்லங்க.

வேலை செய்யுதா? செய்யுது. 2017ல வந்த ட்ராவே ட்ரயல்ல மாசத்துக்கு நடுமதிப்பா 12.4 இருந்த வலிப்பு 5.9க்கு வந்துச்சு, டம்மி மருந்து குடிச்சவங்களுக்கு 14.9ல இருந்து 14.1தான். ஆனா வலிப்பு சுத்தமா நின்னது 5 சதவீதம் பேருக்குத்தான், இத பேரன்ட்ஸ்கிட்ட மறைக்காம சொல்லிடணும்.

நல்லெண்ணெய்ல ஸ்ட்ராபெரி ஃப்ளேவர் போட்டா எப்படி இருக்கும், அதான் இது (யாரோட ஐடியாவோ!). மில்லிக்கு 100 மில்லிகிராம், சிரிஞ்சுல அளந்து காலைல ஒரு தடவ ராத்திரி ஒரு தடவ, சாப்பாட்டோட குடுத்தா ரத்தத்துல அளவு எகிறும், அதனால தினமும் ஒரே மாதிரி குடுங்க.

தூக்கம், பேதி, பசி கம்மியாகுறது எல்லாம் வரும். க்ளோபசாம்ங்கிற இன்னொரு வலிப்பு மருந்து கூட சேர்ந்தா தூக்கம் இன்னும் தூக்கலா இருக்கும், ஏன்னா க்ளோபசாம் உடம்புல உடைஞ்சு உருவாகுற பொருளோட (மெட்டபாலைட்) அளவ சிபிடி ஏத்தி விட்டுடும், வால்ப்ரோயேட்டுங்கிற வலிப்பு மருந்து கூடன்னா லிவர் என்சைம் ஏறலாம், அதனால ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே ரத்த டெஸ்ட் கட்டாயம். கடைல விக்கிற சிபிடி ஆயில நம்பி, இப்ப குடுத்துட்டு இருக்கிற மாத்திரைய மட்டும் நிறுத்திடாதீங்க.

5க்கு 3.5 குடுப்பேன். பாட்டில் திறந்து 12 வாரம் ஆயிட்டா மிச்சம் இருந்தாலும் தூக்கிப் போட்டுடுங்க.