டிரெய்னிங் டே (2001): கண்ணி விரிக்கும் சீனியர்

லாஸ் ஏஞ்சலஸ் போதைத் தடுப்புப் பிரிவில் புதுப் போலீஸ்காரன் ஜேக்கின் (ஈதன் ஹாக்) ஒரே ஒரு நாள்தான் இந்த ஹாலிவுட் படத்தின் கதை. அவனுக்குப் பயிற்சி தரும் சீனியர் அலோன்சோ (டென்சல் வாஷிங்டன்) எடுத்த எடுப்பில் அவனை லஞ்சத்தில் பங்கு வாங்கச் சொல்வதில்லை. டேவிட் ஏயர் எழுத்தின் பலமே அதுதான். பறிமுதல் செய்த போதையைத் துப்பாக்கி முனையில் ஜேக்கைப் புகைக்க வைக்கிறார். பிற்பாடு கொலைக்குச் சாட்சியாகும்போது, ரத்தப் பரிசோதனை என்ற ஒரே மிரட்டலில் ஜேக் மாட்டிக்கொள்கிறான். சிரிப்பு மிரட்டலாக மாறும் நொடியைக்கூட டென்சல் வாஷிங்டன் துல்லியமாகப் பிடிக்கிறார். ஆஸ்கர் சும்மா கிடைக்கவில்லை. ஈதன் ஹாக்கின் திகைத்த முகம் அதற்குச் சரியான ஈடு.

குளியல் தொட்டியில் தள்ளிக் கொல்ல வரும் கும்பலிடமிருந்து ஜேக் பிழைப்பது தற்செயல்தான்: அவன் காப்பாற்றிய பெண்ணின் பர்ஸ் அவன் பையில் இருக்கிறது, அவளோ அந்தக் கும்பல்காரன் ஒருவனின் உறவு. ஆனால் அந்தப் பர்ஸை முன்பே காட்டிவிடுவதால் உறுத்தவில்லை. உறுத்துவது கடைசிச் சண்டை: பேச்சிலேயே ஏறிய பதற்றம் வழக்கமான துப்பாக்கிச்சூட்டில் நீர்த்துப்போகிறது. அதற்கு முந்தைய சீட்டாட்டக் காட்சியை மட்டும் எத்தனை முறையும் பார்க்கலாம்.