சோடா மூடியும் ஓட்டைக் காலணாவும்: மெட்டல் டிடெக்டருடன் என் அனுபவம்

நான் வைத்திருக்கும் மெட்டல் டிடெக்டரின் விலை இறங்கியிருக்கிறது, வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். தரைக்கு மேல் ஆட்டிப் பார்க்கும் வட்டத் தட்டான காயிலிலிருந்து மேலே வரும் கேபிள் அறுந்து, சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில் சரிசெய்து வாங்கி வந்த வாரத்தில் அவர் கேட்டதால் என் பதிலில் கோபமும் சற்றுக் கலந்திருக்கலாம். ஆனாலும் கேபிளை நான் குறையாகச் சொல்லப் போவதில்லை. நாள்தோறும் மடங்கி நிமிரும் கேபிள் ஒருநாள் அறுவது இயல்பே. எடை, பேட்டரி, ஹெட்போன் பற்றியெல்லாம் எல்லோரும் எழுதிவிட்டார்கள். என் மனக்குறை ஒன்றே ஒன்றுதான்: சோடா மூடி.

விளிம்பில் 21 பற்கள் கொண்ட அந்த மூடி இரும்புத் தகட்டால் ஆனது. இரும்பை ஒதுக்கும் 'நாணயம்' என்ற அமைப்பில் வைத்தால் கருவி அதைக் கண்டுகொள்ளக் கூடாது. ஆனால் மூடி வட்டமாகவும் தட்டையாகவும் இருப்பதால் அதில் சுழல் மின்னோட்டம், அதாவது காயிலின் காந்தப்புலம் உலோகத்துக்குள் தூண்டும் மின்னோட்டம், வலுவாக எழுகிறது. ஒற்றை அலைவரிசையில் இயங்கும் இந்த ரகக் கருவி அதைச் செம்புக் காசாக எடுத்துக்கொண்டு, வெண்கலமணி போன்ற ஓசையை எழுப்புகிறது. எங்கள் பகுதிப் பூங்காவில் அனுமதி பெற்று, புல்தரையை மாற்றும் சமயங்களில் தோட்டக்காரரின் முன்னிலையில்தான் தேடுகிறேன். களைக்கொத்தியால் மண்ணை விலக்கும்போதே அவர் குனிந்து, "சார், இதுவும் மூடிதானா?" என்று கேட்பார். பெரும்பாலும் மூடிதான்.

மூடியை இப்படிக் கொண்டாடும் அதே அமைப்பு, நம்முடைய காசுகளை வாய்மூடிக் கடந்துவிடுகிறது என்பதுதான் என்னால் பொறுக்க முடியாதது. கீழே இருக்கும் உலோகத்தை ஊகித்துக் கருவி திரையில் ஓர் எண்ணைக் காட்டும். செம்பும் நிக்கலும் கலந்த பழைய 25 பைசா, மாத்திரை அட்டையின் அலுமினியத் தாளும் டின் வளையமும் விழும் எண்களில்தான் விழுகிறது. குப்பையை ஒதுக்கினால் காசும் சேர்ந்தே ஒதுங்கிவிடும். 1988 முதல் வந்த துருப்பிடிக்காத எஃகுக் காசுகள் காந்தத்தில் ஒட்டுபவை. அவற்றுக்கு எண் ஒரே இடத்தில் நிற்பதே இல்லை. திரையில் வரிசையாக வரைந்திருப்பவை அமெரிக்க நாணயங்கள். இந்தியாவில் விற்கும் கருவியில் ஒரு ரூபாய்க்கு எந்த எண், பத்துப் பைசாவுக்கு எந்த எண் என்று ஒரு தாளிலாவது அச்சிட்டுத் தந்திருக்க வேண்டாமா? அந்தப் பட்டியலை வீட்டிலிருந்த காசுகளைத் தரையில் பரப்பி நானே தயாரித்துக்கொண்டேன்.

மூடியைத் தோண்டாமலே அறிய ஒரு வழி உண்டு. ஓசை வந்த இடத்தின் மேல் காயிலைக் குறுக்கும் நெடுக்கும் ஆட்டியபடியே, அதை மெல்ல நம்மை நோக்கிப் பின்னால் இழுக்க வேண்டும். காயிலின் முன்விளிம்பு அந்த இடத்தைத் தாண்டும் தருணத்தில் மூடியின் மணியோசை உடைந்து, இரும்புக்குரிய கரகரப்பாக மாறும். செம்புக் காசின் ஓசை கடைசி வரை தெளிவாகவே தேய்ந்து மறையும். பழகிய காதுக்கு இது பெரும்பாலும் பலிக்கிறது. துருவேறிப் பற்கள் உதிர்ந்த மூடியிடம் மட்டும் பலிப்பதில்லை.

சென்னை மண்ணைப் பற்றியும் நண்பர் அறிந்திருக்க வேண்டும். சித்திரை, வைகாசியில் களிமண் இறுகிக் கிடக்கும்போது தேடுவது வீண். ஐப்பசி மழை ஊறிய பிறகு மண்ணும் இளகும், ஆழத்திலிருந்து வரும் ஓசையும் தெளியும். பூங்காக்களில் அவ்வப்போது புதுச் செம்மண் கொட்டுவதால் பழைய தரை கீழே போய்விடுகிறது. இந்தக் கருவியின் எல்லையோ காசளவுப் பொருளுக்கு ஒரு சாண் கூட இல்லை. இடத்தின் வரலாறும் முக்கியம். தியாகராய நகர் 1920களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்து எழுந்த பகுதி. அப்படிப்பட்ட இடத்தில் அதற்கு முன் பூங்காவுக்கு வந்தவர் தவறவிட்ட காசு என்று ஒன்று இருக்க வழியில்லை.

இவ்வளவுக்கும் நடுவில் ஓட்டைக் காலணா கிடைத்தது. 1943 முதல் 1947 வரை, போர்க்காலச் செம்புத் தட்டுப்பாட்டில் உலோகத்தை மிச்சப்படுத்த நடுவில் துளையிட்டு வெளியிட்ட வெண்கலக் காசு அது. துளை இருப்பதால் ஓசை மங்கும் என்று பலர் நினைக்கிறார்கள். சுழல் மின்னோட்டம் வெளி விளிம்பை ஒட்டியே ஓடுவதால் துளை அதைக் குலைப்பதில்லை. எண் அசையாமல் ஒரே இடத்தில் நின்றது. துளைக்குள் மண் கெட்டியாக அடைந்திருந்தது. ஊறவைத்து மூங்கில் குச்சியால் தள்ளியதும் மண் உருளையாகக் கழன்று விழ, பச்சைக் களிம்புக்கு அடியில் கிரீடமும் 1944 என்ற ஆண்டும் தெரிந்தன. அந்த மகிழ்ச்சிக்கு நான் விலை சொல்ல மாட்டேன்.

சட்டத்தையும் சொல்லியாக வேண்டும். 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்திருந்து கிடைப்பது பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினால் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். எழும்பூர் அருங்காட்சியகத்தில் நாம் பார்த்து வியக்கும் பழங்காசுகளில் பல அப்படி வந்து சேர்ந்தவைதான். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடங்களுக்கு இந்தக் கருவியோடு போகவே கூடாது.

நண்பருக்கு என் பதில்: விலை இறங்கினாலும் இந்த ரகத்தை வாங்க வேண்டாம். பல அலைவரிசைகளில் ஒரே நேரத்தில் இயங்கும் கருவிக்குப் பணம் சேருங்கள். என்னுடையதை நான் விற்கப்போவதில்லை, அது வேறு விஷயம். வாங்கியே தீருவேன் என்றால், கடைக்குப் போகும்போது சட்டைப் பையில் ஒரு சோடா மூடியும் ஒரு பழைய 25 பைசாவும் எடுத்துச் செல்லுங்கள். இரண்டையும் தரையில் வைத்து நாணய அமைப்பில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். கடைக்காரர் மறுத்தால் வந்துவிடுங்கள்.