சிலிக்கோனா, ஈபிடிஎம்மா, எபாக்சியா? உயர் அழுத்த மின்காப்பில் எது எங்கே

மின்கம்பிகளைத் தாங்கும் பாலிமர் இன்சுலேட்டரில் பாரம் சுமப்பது ஒரு பொருள், வெயிலும் மழையும் வாங்குவது இன்னொரு பொருள். உள்ளே எபாக்சி என்ற கெட்டிப்படும் பிசினில் தோய்த்த கண்ணாடி இழைத் தண்டு, வெளியே அடுக்கடுக்காக விரிந்த ரப்பர் உறை. விவாதமெல்லாம் பெரும்பாலும் உறையைப் பற்றித்தான் நடக்கிறது.

சிலிக்கோன் ரப்பரில் தண்ணீர் பரவாது, முத்து முத்தாகத்தான் நிற்கும். ஈரப்படலம் தொடர்ச்சியாக இல்லாவிட்டால் கசிவு மின்னோட்டத்துக்கு வழி கிடையாது. பீங்கானும் கண்ணாடியும் இதில் தோற்கின்றன. உப்பும் தூசியும் படிந்த பிறகும் சிலிக்கோன் விட்டுக்கொடுக்காது: ரப்பருக்குள் இருக்கும் சிலாக்சேன் என்ற சிறிய சிலிக்கோன் மூலக்கூறுகள் கசிந்து மேலேறி, படிந்த அழுக்கையே நீர் ஒட்டாததாக்கிவிடும். தொடர் ஈரத்திலும் மின்பொறியிலும் இந்தக் குணம் போனாலும், ஓய்வு கிடைத்தால் சில மணி நேரத்திலோ சில நாளிலோ திரும்பிவிடும். குறை, பொருள் மென்மையானது, எளிதில் கிழியும். ஆஸ்திரேலியாவில் காக்கட்டூ கிளிகள் இதைக் கொத்திக் குதறுவது தனிக் கதை.

ஈபிடிஎம் இன்னொரு செயற்கை ரப்பர். கிழிசலைத் தாங்கும், விலையும் குறைவு. புதிதாக இருக்கும்போது அதுவும் நீரை விலக்கும். ஆனால் புற ஊதாக் கதிரிலும் மின்பொறியிலும் அந்தக் குணம் ஒருமுறை போனால் திரும்பாது. மாசு குறைந்த வறண்ட இடத்துக்குப் போதும். கடலோரத்துக்கு நான் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

இரண்டு ரப்பரிலுமே அலுமினா டிரைஹைட்ரேட் என்ற நிரப்பித் தூளைக் கலப்பது வழக்கம். சுமார் 200 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது அது தன் நீரை வெளியேற்றி, பொறி பட்ட இடத்தைக் குளிர்விக்கும். பரப்பு கருகி மின்சாரத்துக்கு வழிவிடும் கரித்தடம் விழுவது தள்ளிப்போகும். அளவு கூடினால் ரப்பர் விறைத்துவிடும். ஆகவே 'சிலிக்கோன்' என்று எழுதியிருக்கும் இரண்டு பொருள்கள் ஒன்றல்ல. கரித்தடத்தையும் அரிப்பையும் எவ்வளவு தாங்கும் என்று பார்க்கும் ஐஇசி 60587 சோதனையில் எந்த வகுப்பு கிடைத்தது என்று பாருங்கள்.

எபாக்சி வேறு ரகம். கடினமானது, அச்சில் வார்க்கலாம், உள்ளரங்கத்துக்கு ஏற்றது. வெளியில் வைக்க சாதாரண எபாக்சி ஆகாது, புற ஊதாவை நன்றாகத் தாங்கும் சைக்ளோஅலிஃபாட்டிக் வகை வேண்டும். எஸ்எஃப்6 என்ற மின்காப்பு வாயு நிரம்பிய சாதனத்துக்குள் இருக்கும் எபாக்சியில் நிரப்பியாக சிலிக்கா வைத்தால் சிக்கல்: மின்பொறியில் வாயு சிதைந்து, ஈரத்தோடு சேர்ந்து ஹைட்ரஜன் ஃபுளோரைடு உருவாகி சிலிக்காவை அரிக்கும். அங்கே அலுமினாதான் சரி.

சரி, தண்டுக்கு வருவோம். உலோக முனையின் அடைப்பு பழுதானால் ஈரம் புகும். அங்கே கரோனாவும் (உயர் அழுத்தத்தில் காற்றில் எழும் மின்கசிவு) சேர்ந்தால் நைட்ரிக் அமிலம் உண்டாகும். இழுவிசையில் இருக்கும் கண்ணாடி இழைகளை அது அறுக்க, தண்டு தன் தாங்குதிறனைவிட மிகக் குறைந்த பாரத்திலேயே கத்தியால் வெட்டியதுபோல் முறியும். போரான் இல்லாத கண்ணாடி இழை இந்த அமிலத்தை நன்றாகத் தாங்கும். உறை தேய்வது மெல்ல நடக்கும், அடையாளமும் தெரியும். தண்டு முறிந்தால் கம்பியே கீழே வந்துவிடும். அதனால் விலைப்பட்டியலில் நான் முதலில் தேடுவது இழையின் வகையையும் முனை அடைப்பின் அமைப்பையும்தான். உறையின் பெயர் அப்புறம்.

பராமரிப்பில் மட்டும் கண்ணாடித் தட்டு இன்சுலேட்டருக்குத் தெளிவான வெற்றி. உடைந்தால் தரையிலிருந்தே தெரியும். பாலிமருக்கு வெப்பக் கேமராவும் புற ஊதாக் கேமராவும் வேண்டும், அவற்றுக்கும் சில பழுதுகள் தப்பிவிடும்.