கம்பெனியைப் பதிந்து தருபவரிடம் அதன் சாவியையும் கொடுத்துவிடாதீர்கள்

ஐடி வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாகக் கம்பெனி தொடங்கக் கிளம்பும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். நோட்டீஸ் பீரியடில் இருப்பவர்கள் அவசியம் படியுங்கள். எனக்குப் போன பணம் 1,18,000 ரூபாய். அதைவிடப் பெரிய அடி வேறு. என் பெயரிலும் என் மனைவி பெயரிலும் பதிவான கம்பெனி 13 மாதம் எங்கள் கையில் இல்லை, வேறொருவருடைய மேஜை டிராயரில் இருந்தது. அது எங்களுக்குத் தெரியவும் இல்லை.

நான் சோழிங்கநல்லூரில் ஒன்பது வருடம் ஜாவா எழுதியவன். சொந்த ஊர் சிவகாசிப் பக்கம். என் தாய்மாமா ஆஃப்செட் பிரஸ் வைத்திருக்கிறார். ஆடி 18 அன்று புது வருடக் காலண்டர் ஆல்பம் வந்துவிட்டால் அப்புறம் மார்கழி வரை அங்கே யாருக்கும் மூச்சுவிட நேரமிருக்காது. எந்த ஆர்டருக்குப் பிளேட் போட்டாயிற்று, எதற்குப் பேப்பர் வரவில்லை, எது லேமினேஷனுக்குப் போயிருக்கிறது, எல்லாம் மாமாவின் நீள நோட்டிலும் அவர் தலைக்குள்ளும்தான். 2022 தீபாவளிக்கு நான் ஊருக்குப் போயிருந்தபோது, ஒரு நகைக்கடைக்கு ஒதுக்கிய முருகன் படத்தில் ஜவுளிக்கடையின் பெயரை அடித்துவிட்டார்கள். 2,000 அட்டை வீண். "இதுக்கு ஒரு வழி பண்ணு மாப்ள, நீதான் கம்ப்யூட்டர் படிச்சவனாச்சே" என்றார். அந்த ஒரு வார்த்தையில்தான் என் தொழில் தொடங்கியது. சின்ன பிரஸ்களுக்கான ஆர்டர் மென்பொருள். டிசம்பரில் ராஜினாமா கொடுத்து, 90 நாள் நோட்டீஸ் முடித்து, 2023 மார்ச் கடைசியில் வெளியே வந்தேன்.

மென்பொருள் எழுதுவதில் எனக்குப் பயமே இல்லை. பயம் எல்லாம் மற்றதில். கம்பெனிப் பதிவு, வரி, ஆடிட்டர், அரசு மானியம் எதுவும் தெரியாது. இன்ஸ்டாகிராமில் ஒரு விளம்பரம் வந்தது. பிரைவேட் லிமிடெட் பதிவு முதல், புதுக் கம்பெனிக்கு மத்திய அரசு தொடக்கப் பணமாகத் தரும் 20 லட்சம் விதைநிதி வரை எல்லாம் ஒரே இடத்தில், சிஏ குழுவோடு. கிண்டிப் பக்கம் கண்ணாடிக் கதவு போட்ட அலுவலகம். உள்ளே போனால் காபி கொடுத்து, பொறுமையாகப் பேசினார்கள். "நீங்க புராடக்ட்டை மட்டும் பாருங்க சார், பேப்பர் வேலையை எங்ககிட்ட விட்டுடுங்க." நான் கேட்கக் காத்திருந்த சொல்லும் அதுதான்.

அவர்கள் கொடுத்த ரசீதை இன்னும் வைத்திருக்கிறேன். கம்பெனிப் பதிவு 20,000. ஸ்டார்ட்அப் இந்தியா அங்கீகாரம் 25,000. உத்யம் என்னும் சிறுதொழில் பதிவு 5,000. விதைநிதிக்கான ஆவணங்களும், தொழிலை விளக்கிக் காட்டும் ஸ்லைடுகளான பிட்ச் டெக்கும் 50,000. அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. இரண்டு தவணையாகக் கட்டினேன்.

இப்போது அந்தத் தாளை ஒவ்வொரு வரியாகப் பாருங்கள். தொழில் உள்வர்த்தக மேம்பாட்டுத் துறை தரும் ஸ்டார்ட்அப் அங்கீகாரத்துக்கு அரசுக் கட்டணம் எதுவும் இல்லை. தளத்தில் நாமே விண்ணப்பிக்கலாம். உத்யம் பதிவும் இலவசம், ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் உட்கார்ந்த இடத்தில் முடியும். அங்கீகரிக்கப்பட்ட மூலதனம் (பங்கு வெளியிடும் உச்சத் தொகை) 15 லட்சம் வரை உள்ள கம்பெனிக்கு மத்திய கம்பெனி விவகார அமைச்சகம் பதிவுக் கட்டணமே வாங்குவதில்லை. முத்திரைத் தீர்வை, டிஜிட்டல் கையெழுத்து, சிஏ அல்லது கம்பெனி செகரட்டரியின் கூலி, இவ்வளவுதான் செலவு. கூலி வாங்குவது தப்பில்லை. தெரியாத வேலையைச் செய்து தருபவருக்குக் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் இலவசமாகக் கிடைப்பதை அரசுக் கட்டணம் என்று சொல்லி என்னிடம் வாங்கினார்கள். இன்னொன்றும் உண்டு. ஜிஎஸ்டி 18,000 வாங்கிய அந்த ரசீதில் ஜிஎஸ்டி எண்ணே இல்லை. ஒன்பது வருடம் மற்றவர்கள் எழுதிய கோடில் பிழை தேடியவன், இதை ஒரு வருடம் கழித்துத்தான் கவனித்தேன்.

டிஜிட்டல் கையெழுத்து ஒரு சின்ன யுஎஸ்பி டோக்கனில் வரும். பென் டிரைவ் மாதிரி இருக்கும். வீடியோவில் முகத்தைக் காட்டி, பெயர் சொல்லி, எனக்கும் மனைவிக்கும் தனித்தனியாக எடுத்தோம். இரண்டும் கூரியரில் அவர்கள் அலுவலகத்துக்கே போயின. பின் நம்பரையும் அவர்களே வைத்தார்கள். நான் போயிருந்த அன்று, எங்கள் பெயரை வெள்ளை ஸ்டிக்கரில் எழுதி ஒட்டிய இரண்டு டோக்கன்களையும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டதைப் பார்த்தேன். அந்த டப்பாவில் அதேபோல முப்பது நாற்பது இருக்கும். "அடிக்கடி தேவைப்படும் சார், இங்கயே இருக்கட்டும்" என்றார் அலுவலகத்தை நடத்துபவர். சரி என்றேன். சர்வரின் ரூட் பாஸ்வேர்டைப் பக்கத்து சீட்டில் இருப்பவரிடம்கூடச் சொல்லாத நான், எதிலும் எங்கள் பெயரில் கையெழுத்துப் போடக்கூடிய பொருளை அங்கே வைத்துவிட்டு வந்தேன்.

கம்பெனி 2023 ஜூன் 12 அன்று பதிவானது. சான்றிதழ் வந்ததும் அம்மா அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தார்கள். ஆகஸ்டில் ஸ்டார்ட்அப் அங்கீகாரமும் வந்தது. அந்த நம்பிக்கையில் இரண்டாவது தவணையையும் கட்டினேன். அப்புறம் மாதம் ஒரு முறை கேட்பேன், "ரிவ்யூவில் இருக்கிறது சார்" என்று பதில் வரும். நான் ஊரில் பிரஸ் பிரஸ்ஸாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். மாமாவின் பிரஸ்ஸோடு இன்னொரு பிரஸ்ஸும் மென்பொருளை வாங்கிக்கொண்டது. கம்பெனி பெயரில் இரண்டு இன்வாய்ஸ் போட்டேன்.

2024 ஜூலையில் அந்தக் கிண்டி அலுவலகத்திலிருந்து போன். "வாழ்த்துகள் சார், விதைநிதி ஓகே ஆயிடுச்சு. 20 லட்சமும் ஒரே தவணையில் வந்துடும். 2 பர்சென்ட் செக்யூரிட்டி டெபாசிட், 40,000, இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள போட்டுடுங்க." கூடவே ஒரு ஸ்கிரீன்ஷாட். நான் சந்தோஷத்தில் பணம் அனுப்பும் ஆப்பைத் திறந்துவிட்டேன். பக்கத்தில் இருந்த மனைவிதான் கேட்டாள், "என்னங்க, நமக்குப் பணம் தர்றவங்க நம்மகிட்ட ஏன் பணம் கேக்குறாங்க?" யுபிஐ எண்ணைப் போட்டுப் பார்த்தால் ஒரு தனியாளின் பெயர் வந்தது. அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். எங்கள் கம்பெனியின் பெயர் மட்டும் சுற்றியிருந்த எழுத்தைவிட லேசாகத் தடித்திருந்தது. அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு நீள்சதுரம், மற்ற இடத்து வெள்ளையைவிடக் கொஞ்சம் மங்கல்.

மறுநாள் காலை, படத்தில் பெயர் இருந்த இன்குபேட்டருக்கே, அதாவது விண்ணப்பங்களைப் பார்த்து விதைநிதியைத் தரும் மையத்துக்கே, போன் செய்தேன். போனை எடுத்த அம்மா பொறுமையாகத் தேடிப் பார்த்துவிட்டு, அப்படி ஒரு விண்ணப்பமே வரவில்லை என்றார். இந்தத் திட்டத்தில் இன்குபேட்டர்கள் விண்ணப்பிப்பவரிடம் எந்தக் கட்டணமும் வாங்கக்கூடாது என்பதையும், முன்மாதிரி செய்வதற்கான மானியம் அதிகபட்சம் 20 லட்சம், அதுவும் வேலை முடிய முடியத் தவணையாகத்தான் வரும் என்பதையும் அவர்தான் சொன்னார். ஒரு வருடம் முன்னால் இதே போனைச் செய்திருந்தால் போதும்.

அதோடு முடியவில்லை. ஊரில் ஒரு சிஏவிடம் போனேன். அமைச்சகத்தின் தளத்தில் 100 ரூபாய் கட்டினால் எந்தக் கம்பெனி தாக்கல் செய்த படிவங்களையும் பார்க்கலாம். அவர் எங்கள் படிவத்தை இறக்கிக் காட்டினார். கம்பெனியின் மின்னஞ்சல் என்ற இடத்தில் இருந்தது கிண்டி அலுவலகத்தை நடத்துபவரின் முகவரி. கைபேசி எண்ணும் அவருடையது. கம்பெனிப் பதிவாளர் அலுவலகம் அனுப்பும் நினைவூட்டல் எல்லாம் அவருக்கே போயிருக்கிறது. எனக்கு எதுவும் வராததற்குக் காரணம் அதுதான்.

பதிவான 180 நாளுக்குள், பங்குப் பணம் வங்கிக் கணக்கில் வந்துவிட்டது என்று ஐஎன்சி-20ஏ என்ற படிவத்தில் இயக்குநர் உறுதி கொடுக்க வேண்டும். அதைப் போடும்வரை கம்பெனி வியாபாரம் தொடங்கக்கூடாது, கடன் வாங்கக்கூடாது. எங்களுக்கு டிசம்பர் 9, 2023 கடைசி நாள். யாரும் போடவில்லை. முதல் ஆடிட்டரை 30 நாளுக்குள் நியமிக்க வேண்டும், அதுவும் இல்லை. அதாவது நான் இன்வாய்ஸ் போட்ட கம்பெனிக்கு வியாபாரம் செய்யும் அனுமதியே இல்லை. இந்தத் தவறுக்குச் சட்டப்படி கம்பெனிக்கு 50,000 ரூபாய், இயக்குநர் ஒவ்வொருவருக்கும் நாளுக்கு 1,000 வீதம் ஒரு லட்சம் வரை அபராதம் உண்டு. கம்பெனியின் பெயரையே பதிவேட்டிலிருந்து நீக்கவும் பதிவாளருக்கு அதிகாரம் உண்டு. ஸ்கூல் டீச்சரான என் மனைவி, நான் கேட்டேன் என்பதற்காக இயக்குநராகக் கையெழுத்துப் போட்டவள். அவள் பெயருக்கும் இந்த வம்பு வந்ததுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

கிண்டி அலுவலகக்காரரிடம் டோக்கனைத் திருப்பிக் கேட்டேன். "பாக்கி 35,000 கட்டிட்டு வாங்கிக்கோங்க" என்றார். எந்தப் பாக்கி என்று கேட்டதற்குப் பதில் இல்லை. அழுது புரண்டு அந்தப் பணத்தைக் கட்டிவிடாதீர்கள். டிஜிட்டல் கையெழுத்தை வழங்கிய நிறுவனத்திடமே எழுதிக் கொடுத்துப் பழையதை ரத்து செய்யலாம். புதிதாக எடுக்க ஒருவருக்கு இரண்டாயிரம் ரூபாய் அளவில்தான் ஆனது. அதைத் தளத்தில் நம் பெயரோடு இணைத்தால் பழைய டோக்கன் வெறும் பிளாஸ்டிக். எங்கள் பதிவுப் படிவத்துக்குச் சான்றளித்தவர் வேறு மாநிலத்துக் கம்பெனி செகரட்டரி. போன் செய்தேன். எங்கள் காகிதங்களைத் தான் பார்த்ததே இல்லை, மொத்தமாக அனுப்புவார்கள், கையெழுத்துப் போடுவேன் என்று அவரே சொன்னார். அவர் சார்ந்த இன்ஸ்டிட்யூட்டுக்குப் புகார் அனுப்பியிருக்கிறேன்.

சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கும் போன் செய்தேன். பணம் போன உடனே சொன்னால்தான் அந்தக் கணக்கில் நிறுத்தி வைக்க முடியும். எனக்கு ஒரு வருடம் ஓடியிருந்தது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2024 செப்டம்பரில் மனு போட்டேன். கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, ஆனால் 2 வருடத்துக்குள் போட வேண்டும். தொழிலுக்கான சேவை என்று எதிர்த்தரப்பு வாதிடும் என்றார் வக்கீல். சொந்தப் பிழைப்புக்கான சுயதொழில் என்பதை எழுதிக் காட்டச் சொன்னார், எழுதினேன்.

விட்ட படிவங்களைக் கூடுதல் கட்டணத்தோடு போட்டு முடிக்க 2025 ஜனவரி ஆனது. ஐஎன்சி-20ஏ 180 நாளுக்கு மேல் தாமதமானால் கூடுதல் கட்டணம் மட்டும் 12 மடங்கு. மார்ச்சில் விதைநிதிக்கு நானே விண்ணப்பித்தேன். அந்தச் சுற்றில் கிடைக்கவில்லை. விண்ணப்பிக்கும் நாளில் கம்பெனிக்கு 2 வயதுக்கு மேல் ஆகியிருக்கக்கூடாது என்பது அப்போதைய விதி. ஜூனோடு எங்களுக்கு அந்தக் கதவு மூடிவிட்டது. அந்த ஆள் தின்ற 13 மாதமும் இந்தக் கணக்கில்தான் போனது.

மதுரையில், புதுக் கம்பெனிகளுக்கு உதவும் தமிழக அரசின் ஸ்டார்ட்அப் டிஎன் அமைப்பின் வட்டார மையம் இருக்கிறது. ஈரோட்டிலும் திருநெல்வேலியிலும் உண்டு. அந்த அமைப்பு தரும் டான்சீட் என்ற தொடக்க நிதி பற்றி விசாரிக்க அங்கே போனேன். விவரம் கேட்கக் காசு இல்லை. வேலையில் இருந்தபோதே ஒரு நாள் லீவு போட்டு இங்கே வந்திருக்கலாம் என்று படிக்கட்டில் நின்று நினைத்துக்கொண்டேன்.

கண்ணாடிக் கதவுக்காரர் என்னிடம் நோட்டீஸ் பீரியடிலேயே கம்பெனியைப் பதியவும் சொன்னார். அதை மட்டும் நான் கேட்கவில்லை. என் அப்பாயின்ட்மெண்ட் ஆர்டரில், வேலையில் இருக்கும்போது வேறு கம்பெனியில் இயக்குநராக இருக்கக்கூடாது என்றும், அந்தக் காலத்தில் எழுதும் மென்பொருள் அவர்களுக்கே சொந்தம் என்றும் இருந்தது. உங்கள் ஆர்டரை எடுத்து அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுத்தான் அடுத்த அடி வையுங்கள்.

ஏற்கெனவே இப்படி யாரிடமாவது கம்பெனியைப் பதிந்தவர்கள் இன்றே அந்த 100 ரூபாயைக் கட்டி உங்கள் படிவத்தைப் பாருங்கள். மின்னஞ்சலும் கைபேசி எண்ணும் உங்களுடையதா, 180 நாள் படிவம் போட்டாயிற்றா, டோக்கன் எங்கே இருக்கிறது, இந்த மூன்றையும் பாருங்கள். அந்த டப்பாவில் இருந்த மற்ற ஸ்டிக்கர்களில் யார் யார் பெயர் என்று எனக்குத் தெரியாது. அதில் ஒருவர் இதைப் படித்தாலும் போதும்.

எங்கள் அபராத விசாரணைக்கு இன்னும் தேதி வரவில்லை. புது டோக்கன் இரண்டும் பீரோவில், மனைவியின் நகைப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கின்றன. பின் நம்பர் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும்.