குதிரைக்குப் படுக்கை: மணலா, வைக்கலா, தும்புத்தூளா?

எங்கள் வீட்டுக் கொட்டிலில் ஒரு வெள்ளைக் குதிரை நிற்கிறது. மச்சான் வண்டி ஓட்டவென்று வாங்கினது. கலியாணம், சாமத்தியவீடு என்று மாதத்தில் நாலைந்து நாள் அது எங்களுக்கு உழைக்கும், மிச்ச நாளெல்லாம் நாங்கள் அதற்கு உழைப்போம். பார்க்க வருகிறவர்கள் தீனிச் செலவைத்தான் கேட்கிறார்கள். காசும் முதுகும் கூடத் தேய்ந்தது அது நிற்கிற நிலத்தில்தான். மணல், வைக்கல், தும்புத்தூள் மூன்றையும் மாறி மாறிப் போட்டுப் பார்த்துவிட்டு இப்போது தும்புத்தூளில் நிற்கிறேன். அந்தப் பக்கம் நான் சாய்வது எழுத்தில் தெரியும், மறைக்கவில்லை.

"நெடுந்தீவுக் குதிரையளுக்கு ஆர் தம்பி பாய் விரிச்சது?" என்று பக்கத்து வீட்டு அண்ணை கேட்டார். சவாரி மாடு வளர்க்கிறவர். நியாயமான கேள்விதான். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துக் குதிரைகளின் வழி வந்தவை அந்தத் தீவின் கல்லு நிலத்தில் கட்டில்லாமல் நாள் முழுக்க நடக்கின்றன. நடக்கிற குதிரை தன் மூத்திரத்திலேயே நிற்பதில்லை. எங்களுடையது இரவு பத்து மணி நேரம் 12 அடிக்கு 12 அடிக்குள் நிற்கிறது. வளர்ந்த குதிரை ஒரு நாளைக்கு ஏழெட்டு லீற்றர் மூத்திரம் விடும், சாணம் 15 கிலோவுக்குக் குறையாது.

முதலில் மணல். ஒரு தடவை போட்டால் போதும், அழுகாது, குதிரையும் ஆசையாக உருளும். ஏற்றி வர அனுமதி எடுக்கிற அலைச்சலை விட்டால் குறையே தெரியவில்லை. மூன்றாம் மாதம் ஒரு பின்னேரம் அது முன்காலால் நிலத்தைக் கிண்டி, திரும்பித் திரும்பித் தன் வயிற்றைப் பார்த்தது. கீழே கிடந்த புல்லோடு மணலையும் தின்றிருக்கிறது. குதிரைக்கு வாந்தி எடுக்க வராது, உள்ளே போனது குடலில்தான் தங்கும். அன்று வந்த மிருக வைத்தியர் காட்டித் தந்த சோதனைக்குச் சதம் செலவில்லை: மணல் ஒட்டாத புதுச் சாண உருண்டை ஐந்தாறை எடுத்து, கண்ணாடிப் போத்தலில் தண்ணீரோடு கரைத்து, அரை மணி நேரம் அசைக்காமல் வைக்க வேண்டும். எங்கள் போத்தலின் அடியில் ஒரு விரல் உயரத்துக்கு மணல் படிந்தது. மணலை அள்ளி முற்றத்தில் கொட்டினோம். தீனி இப்போது வெட்டின பரலுக்குள்தான்.

அப்புறம் வைக்கல். காலபோக நெல் வெட்டி முடிகிற மாசி, பங்குனியில் மலிவு. ஆவணி, புரட்டாதியில் மாட்டுக்காரரோடு போட்டி போட வேண்டும். மழையில் பூஞ்சணம் பிடித்த கட்டு ஒன்று உள்ளே போனாலே இருமல் தொடங்கிவிடும். போதாததற்கு எங்கள் குதிரை படுக்கையையே தின்றது, காலையில் பார்த்தால் பாதிதான் கிடக்கும்.

இதெல்லாவற்றையும் பொறுத்திருப்பேன். பொறுக்க முடியாமல் போனது காலையில் வெளியே அள்ளுகிற அளவு. வைக்கல் மூத்திரத்தை அவ்வளவாகக் குடிப்பதில்லை, கீழே வழிய விடும். மேலே காய்ந்திருக்கும், முள்ளால் கிளறினால் நெடி கண்ணை எரிக்கும். ஈரமானதை மட்டும் பிரித்தெடுக்க முடியாது, எல்லாம் ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கும். தினமும் இரண்டு தள்ளுவண்டி நிறைய வெளியே போகும். அள்ளாமல் விட்டால் குளம்புக்கடியில், நடுவில் முக்கோணமாக மெத்தென்று இருக்கிற இடத்தில் கறுப்பாக, நாற்றமெடுத்த கசிவு. நனைந்த வைக்கலில்தான் கடிக்கிற ஈயும் பெருகும். வேப்பெண்ணெய் பூசிப் பூசிக் கை கசந்ததுதான் மிச்சம்.

தும்புத்தூள் பளைப் பக்கத்து ஆலையொன்றில் இருந்து வந்தது. தேங்காய் மட்டையில் தும்பு எடுத்த பிறகு மிஞ்சுகிற தூள். 24 உரப்பை, அரைச் சாண் உயரத்துக்குப் பரப்பினோம். காய்ந்த தூள் தன் எடையைப் போல எட்டு மடங்கு தண்ணீர் பிடிக்கும் என்பது கணக்கு, கொட்டிலில் அவ்வளவு வராது. வருகிறதே போதும். விடிய ஐந்தரைக்கு ரோச் அடித்துப் பார்த்தால் மூத்திரம் விட்ட இடம் தோசைக்கல் அளவுக்குக் கறுத்து, கட்டியாகத் தெரியும். மண்வெட்டியை அடியில் கொடுத்துத் தூக்கினால் அப்படியே வரும், சுற்றியுள்ள தூள் காய்ந்தபடி கிடக்கும். சாணத்தோடு சேர்த்து ஒரு தள்ளுவண்டிகூட நிறையாது. முக்கால் மணி நேர வேலை பதினைந்து நிமிடமாகிவிட்டது. கிழமைக்கு ஒரு பை மேலே தூவுகிறேன். ஏற்றுக்கூலியோடு பார்த்தாலும் வைக்கலுக்குப் போனதில் பாதிதான்.

குறை இல்லாமல் இல்லை. காய்ந்த தூள் பறக்கும், பரப்பும்போது பூவாளியால் லேசாகத் தண்ணீர் தெளிக்க வேண்டும், குதிரையையும் வெளியே கட்ட வேண்டும். மட்டையை உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டிருந்தால் தூளிலும் உப்பிருக்கும். நான் ஒரு பிடியைக் குவளைத் தண்ணீரில் போட்டு நுனிநாக்கில் வைத்துப் பார்த்துத்தான் வாங்குகிறேன், ஆலைக்காரர் சிரிப்பார். எருவாகவும் வைக்கலைப் போலச் சீக்கிரம் மக்காது. மிளகாய்க் கன்றுக்குக் கேட்கிறவர்களிடம் சாணத்தோடு குவித்து மாதக்கணக்கில் ஆறவிடச் சொல்லித்தான் கொடுக்கிறேன்.

மச்சானின் மனக்குறை வேறு: கறை. ஈரத் தூள் தேயிலைச் சாயம் மாதிரி இறங்கும். வெள்ளைக் குதிரை படுத்தெழும்பினால் ஒரு பக்கம் மண்ணிறம். கலியாணத்துக்கு முதல் நாள் ஷாம்பூ போட்டு இரண்டு தரம் குளிப்பாட்ட வேண்டியிருக்கிறது. மண்ணிறக் குதிரை வைத்திருக்கிறவருக்கு இந்தக் கவலை இல்லை.

மரக்காலைத் தூள் சும்மா கிடைக்கும், ஆனால் எந்த மரம், மருந்தடித்ததா என்று யாருக்கும் தெரியாது, விட்டுவிட்டேன். றப்பர் விரிப்பு நான் போட்டதில்லை. போட்டிருக்கிற ஒருவரிடம் பார்த்த அளவில் முழங்காலுக்கு நல்லது, ஆனால் மூத்திரத்தைக் குடிக்க மேலே வேறு ஏதாவது போட்டே ஆக வேண்டும்.

தும்புத்தூளில் நான் கண்டது ஒரு மாரிதான். அதுவும் பெரிதாக வெள்ளம் நிற்காத மாரி. தூவானம் அடிக்கிற மூலை சேறாகி, அங்கே மட்டும் மூன்று தரம் மாற்றினேன். இந்த முறை அந்தப் பக்கத்துக்குக் கிடுகு கட்டியாகிவிட்டது. ஐப்பசிக்கு முன் இன்னும் பத்துப் பை எடுக்க வேண்டும், மழை தொடங்கினால் ஆலையில் ஈரத்தூள்தான் தருவார்கள். பக்கத்து வீட்டு அண்ணையும் மாட்டுக்கு நாலு பை சொல்லியிருக்கிறார்.